கம்பத்து நிலத்தில் வீடு: கிராண்டை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

பினாங்கு பெருநிலத்தில், சிம்பாங் அம்பாட் தாண்டி உள்ளே போனால் தென்னை மரத்தில் ஆணியடித்த அட்டைகளைப் பார்க்கலாம். 'பங்களா லாட், 5,000 சதுர அடி, பேங்க் லோன் தேவையில்லை.' தோட்டமாகக் கிடந்த பத்து காவான், 2014-ல் இரண்டாவது பாலம் திறந்தபின் நகரமாகிக்கொண்டு வருவதை எல்லாரும் பார்க்கிறோம். பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டால் பிள்ளைகளுக்கு ஆகும் என்று தோன்றுவது இயற்கைதான். ஆனால் அந்த அட்டையில் உள்ள 'லாட்', அதாவது தனி மனை, என்ற சொல்லில்தான் முதல் சிக்கல்.

தேசிய நிலச் சட்டப்படி, விவசாயம் என்று வகைப்படுத்திய நிலத்தை 0.4 ஹெக்டேருக்குக் கீழே துண்டு போட முடியாது. கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அப்படியென்றால் ஒரு ஏக்கரை எட்டாக்கி உங்களிடம் விற்பது எப்படி? விற்பது நிலத்தை இல்லை, பங்கை. கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், உங்கள் பெயருக்கு நேரே 1/8 என்று இருக்கும், அவ்வளவுதான். எந்த எட்டில் ஒன்று, சாலையோரமா வாய்க்காலோரமா என்று எங்கும் இருக்காது. விற்றவர் கயிறு கட்டிக் காட்டிய எல்லை அவர் வாய்ச்சொல். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் இப்படி வாங்கினார். நிலத்தை வீட்டு நிலமாக மாற்றலாம் என்று எல்லாரும் முடிவு செய்தபோது, எட்டுப் பேரில் ஒருவர் இறந்திருந்தார். அவருடைய பிள்ளைகள் வாரிசு மாற்றம் செய்யவில்லை. அந்த ஒரு கையெழுத்துக்காக ஏழு பேர் இன்னும் காத்திருக்கிறார்கள். அண்ணன் அங்கே மரவள்ளி போட்டிருக்கிறார். நல்ல கிழங்கு, அதைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்த தவறு, நில அலுவலகம் சரி என்றால் எல்லாம் சரி என்று நினைப்பது. இங்கே இரண்டு மேசைகள் உண்டு. கிராண்டில் இருக்கும் வகையும் நிபந்தனையும் நில அலுவலகத்தின் பாடு. அந்த இடம் எதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது திட்டமிடலின் பாடு. அது 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் வருகிறது. நாம் 172 சட்டம் என்போமே, அதுதான். மாநிலத்துக்கு ஒரு அமைப்புத் திட்டம், அதன் கீழே வட்டாரத் திட்டம், அதாவது ராஞ்சாங்கான் தெம்பாத்தான். கிராண்டில் 'பங்குனான்' (கட்டட நிலம்) என்று இருந்து, திட்டத்தில் அந்த இடம் விவசாயப் பகுதியாக இருந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அதனால் முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் ஒரு சாரியான், அதாவது கிராண்டின் பதிவு விவரம், எடுங்கள். அப்புறம் லாட் எண்ணோடு மாநகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய் 'இது எந்த ஸோன்' என்று கேளுங்கள். தீவுப் பக்கம், பாலிக் புலாவில் மேட்டுநிலம் பார்க்கிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். பினாங்கில் 76 மீட்டருக்கு மேலேயோ, 25 டிகிரிக்கு மேல் சரிவாகவோ உள்ள இடத்தைப் பொதுவாக வீடமைப்புக்கு விடுவதில்லை.

'கரண்ட் வந்துவிட்டது, சுக்காய் பிந்துவும் (வீட்டு வரியும்) கட்டுகிறோம், பிறகென்ன?' இதைக் கேட்காத கம்பம் இல்லை. வரி வாங்குவது வேறு, அனுமதி கொடுப்பது வேறு. விவசாய நிலத்தில் உரிமையாளர் தான் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதை வைத்து நாலு வாடகை வீடு வரிசையாகக் கட்டினால் கதை மாறிவிடும். திட்டமிடல் அனுமதி இல்லாமல் கட்டினால் 172 சட்டத்தில் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 2 ஆண்டு வரை. அனுமதி வாங்கியவர்களும் அதை அலமாரியில் வைத்துவிடக் கூடாது. 12 மாதத்துக்குள் வேலை தொடங்காமலும் நீட்டிப்பு கேட்காமலும் இருந்தால் அது காலாவதி.

இதுவரை சொன்னது தனி ஆளின் தவறு. ஊராகச் சேர்ந்து செய்வதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வட்டாரத் திட்டத்தின் வரைவைப் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள்; ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 4 வாரம் உண்டு. அந்த 4 வாரத்தில் யாரும் போவதில்லை. 2009-ல் பினாங்குத் தீவில் நம்மவர்கள் வாழ்ந்த புவா பாலா கம்பத்தை உடைத்தபோது எத்தனை பேர் திரண்டோம்! அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வரைபடத்துக்கு முன்னால் நின்றால் போதும். போய், உங்கள் கம்பத்தைத் தேடுங்கள். கோயில் எந்த நிறத்தில் இருக்கிறது? வழிபாட்டு இடமென்று காட்டியிருக்கிறார்களா, இல்லை கோயிலின் மேலேயே வீடமைப்பு நிறம் ஓடுகிறதா? தமிழ்ப்பள்ளித் திடல், இடுகாடு, அங்கே போகும் மண்பாதை எல்லாம் படத்தில் உண்டா? இல்லையென்றால் லாட் எண் போட்டு, படம் வைத்து எழுதிக் கொடுங்கள். நேரில் பேச வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள். கோயில் கமிட்டியில் அடுத்த திருவிழாவுக்குப் பந்தல் யார் என்று பேசும் நேரத்தில் கால்வாசி போதும்.

வட்டாரத் திட்டமே இல்லாத இடமென்றால், பக்கத்து நிலத்தில் யாராவது விண்ணப்பம் போடும்போது உங்களுக்குக் கடிதம் வர வேண்டும். 21 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அது கிராண்டில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும். நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் கடிதமும் தாத்தாவுக்குத்தான்.

கடைசியாக மண். பக்கத்துக்காரர் மூன்றடி செம்மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டுவார். முதல் பெருமழையில் தண்ணீர் உங்கள் அடுப்படிக்கு வரும். கேஸ் தோம்பு மிதக்கும். மண் கொட்டுவதற்கும் 133 சட்டத்தின் கீழ், அதாவது சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ், அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. லாரி வரத் தொடங்கியதுமே அனுமதி எண் கேளுங்கள். நாமே கொட்டுகிறவராக இருந்தால், முதல் நடைக்கு முன்பே வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.