லைவ் ராக்ல ஒட்டிக்கிட்டு வர்ற ஜீவனுங்க: எதை விடலாம், எதை எடுக்கணும்

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுன்ல கடல்தண்ணி டேங்க் வெச்சிருந்தா, ஏதாச்சும் ஒண்ணுன்னா உடனே ஓடிப்போய் கேக்க முடியாது, ரீஃப் (பவள டேங்க்) சாமான்னா ஈப்போவுக்குத்தான் காடி எடுக்கணும். அதனாலதான் இதை எழுதுறேன். லைவ் ராக்கோ (உயிருங்க ஒட்டியிருக்கிற கடல் கல்லு), கோரல் ஃப்ராகோ (பவளத்துலேர்ந்து வெட்டின சின்ன துண்டு) வாங்கினா அதுகூட கேக்காமலே நெறைய ஜீவன் வரும், அதுல பாதிக்கு மேல டேங்குக்கு நல்லது செய்யுறதுதான், ஆனா நம்ம ஆளுங்க புதுசா ஒண்ணு நெளியுறதைப் பாத்தாலே பயந்து கல்லையே தூக்கி வெயில்ல காய வெச்சிடுறாங்க. அது என்ன திங்குதுன்னு தெரியுற வரைக்கும் எதையும் கொல்லாதீங்க.

பாக்குறதுக்கு நல்ல நேரம் லைட் அணைச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு. ஸ்டேஷனரி கடையில சிவப்பு கலர் ட்ரான்ஸ்பரன்ட் பேப்பர் வாங்கி டார்ச் மேல சுத்திக்குங்க, வெள்ளை வெளிச்சம் பட்டா எல்லாம் பொந்துக்குள்ள ஓடிடும், சிவப்புன்னா அவ்வளவா கண்டுக்காது. கண்ணாடியில வெள்ளைப் புள்ளியா துள்ளுறது கோபிபாட், கல்லுக்கு அடியில குட்டி எறா மாதிரி வளைஞ்சு ஓடுறது ஆம்ஃபிபாட், பொந்துலேர்ந்து நூல் நூலா நீட்டி மண்ணைத் தடவுறது ஸ்பகெட்டி வோர்ம், மெல்லிசான கை மட்டும் வெளிய ஆடுறது பிரிட்டில் ஸ்டார். இதெல்லாம் இருக்கட்டும், காசு குடுத்து வாங்குறவங்களே இருக்காங்க.

எங்க தாமான் தம்பி ஒருத்தன் ராத்திரி போன் பண்ணி "அண்ணே, தண்ணிக்குள்ள பூரான் ஓடுது"ன்னு பதறினான். போய்ப் பாத்தா பிரிசில் வோர்ம், வெளிர் ரோஸ் கலர் ஒடம்பு, ரெண்டு பக்கமும் வெள்ளை முள்ளு கொத்து கொத்தா, ஒரு துண்டு எறா போட்டதும் கல்லு இடுக்குலேர்ந்து தலையை நீட்டி மோந்து பாத்து இழுத்துக்கிட்டு போயிடுச்சு. இது மீந்த சாப்பாட்டையும் செத்ததையும் தின்னு டேங்கை சுத்தமா வெக்குற புழு. ரொம்ப பெருகுச்சுன்னா நீங்க சாப்பாடு அதிகமா போடுறீங்கன்னு அர்த்தம், சாப்பாட்டைக் குறைங்க, அதுவும் குறைஞ்சிடும். வெறுங்கையால மட்டும் தொடாதீங்க, முள்ளு கண்ணுக்குத் தெரியாம தோல்ல ஏறும். ஏறிடுச்சுன்னா தேய்க்காம செல்லோடேப் ஒட்டி இழுங்க, வீங்கிக்கிட்டே போனா கிளினிக்குக்குப் போயிடுங்க.

இப்ப நெசமான தலைவலி, ஐப்டேசியாங்கிற கடல் அனிமோன். பழுப்பு கலர்ல கண்ணாடி மாதிரி ஒடம்பு, சுத்தி நீளமா ஒல்லியா கை, விரலைக் கிட்ட கொண்டு போனா சட்டுன்னு பொந்துக்குள்ள சுருங்கிடும். பக்கத்துல இருக்கிற கோரலைக் கொட்டும். இதை சுரண்டாதீங்க, வெட்டாதீங்க, பிக்காதீங்க, பிஞ்ச சின்ன துண்டுகூட புதுசா ஒண்ணா வளரும், ஒண்ணு இருந்த இடத்துல கூட்டமே வந்துடும். கால்க்வாசர் பொடி வாங்குங்க, அது கால்சியம் ஹைட்ராக்சைடு, நம்ம வீட்டு வெத்தலை சுண்ணாம்பும் அதேதான், ஆனா வெத்தலைக்கு விக்கிற சுண்ணாம்புல வேற எதுவும் கலந்திருக்கலாம், அதை டேங்குக்குள்ள விடாதீங்க. பொடியில ஆர்ஓ தண்ணி (ஃபில்டர்ல உப்பு, அழுக்கு எடுத்த சுத்த தண்ணி) கொஞ்சமா விட்டு கெட்டியா கரைச்சு, ஃபார்மசியில கெடைக்கிற சிரிஞ்ச்ல இழுத்துக்குங்க. கைக்கு கிளவ்ஸ், கண்ணுக்கு கண்ணாடி கண்டிப்பா போடுங்க, அது கண்ணுல பட்டா பெரிய ஆபத்து. பம்ப் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, சிரிஞ்சை மெதுவா கொண்டு போய் அது சுருங்குறதுக்கு முன்னாடி வாய் மேலயே விட்டு மூடிடுங்க, ஒரு கால் மணி நேரம் கழிச்சு பம்ப் போடலாம். ஒரே நாள்ல எல்லாத்துக்கும் அடிச்சா பிஹெச் ஏறிடும், சின்ன டேங்க்னா ரெண்டு மூணோட நிறுத்திட்டு மறுநாள் பாருங்க.

ஊசி எட்டாத இடத்துல இருந்தா பெப்பர்மின்ட் ஷ்ரிம்ப் விடலாம், எல்லா பெப்பர்மின்டும் திங்கும்னு உறுதி கெடையாது. கடையில அதுன்னு சொல்லி கேமல் ஷ்ரிம்ப் குடுத்துடுவாங்க, வெள்ளை வெள்ளையா கோடு போட்டு முதுகு கூன் விழுந்த மாதிரி இருக்கும், அது கோரலைத் திங்கும், பாத்து வாங்குங்க. பெர்கியான்னு ஒரு நூடிபிராங்க் (ஓடு இல்லாத கடல் நத்தை) இருக்கு, ஐப்டேசியாவைத் தவிர வேற எதையும் திங்காது, கெடைச்சா அதுதான் என் முதல் சாய்ஸ்.

ஒண்ணு ரொம்ப முக்கியம், கல்லுல எது இருந்தாலும் சுடுதண்ணி ஊத்தி கழுவுறது, பானையில போட்டு வேக வெக்கிறது, இது ரெண்டும் வேணவே வேணாம். சில சோவாந்தி, பாலிதோவா கோரல்ல பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு, கல்லை வேக வெச்சு அந்த ஆவியை மூச்சுல இழுத்து வீட்டோட ஆஸ்பத்திரியில படுத்தவங்க வெளிநாட்டுல இருக்காங்க. வீட்டுல சின்ன புள்ளைங்க இருக்கும், தயவு செஞ்சு பண்ணாதீங்க.

ராத்திரி டேங்க்லேர்ந்து டக்கு டக்குன்னு சத்தம் வருதா, ஒண்ணு பிஸ்டல் ஷ்ரிம்ப், இல்லனா மேன்டிஸ் ஷ்ரிம்ப். பிஸ்டலுக்கு ஒரு இடுக்கி மட்டும் பெருசா இருக்கும், பெரும்பாலும் விட்டுடலாம். மேன்டிஸ்ஸுக்கு தண்டு மேல தனித்தனியா சுத்துற கண்ணு, அது நத்தை, நண்டு, மீன்னு ஒவ்வொண்ணா காணாம ஆக்கிடும், பொந்துக்குள்ள விரல் விடாதீங்க. எந்தக் கல்லுன்னு கண்டுபிடிச்சு அதை மட்டும் தூக்கி காலி வாளியில வெச்சு, ஃப்ளேவர் இல்லாத சோடா தண்ணியை சிரிஞ்ச்ல பொந்துக்குள்ள அடிச்சா வெளிய வந்துடும். உடனே நல்ல கடல்தண்ணியில போட்டா பொழைச்சுக்கும், தனி டேங்க்ல வளத்தா அழகான ஜீவன் அது.

நண்டுன்னா இடுக்கி நுனியைப் பாருங்க. முடியோட, நுனி கருப்பா கூரா இருந்தா நம்பாதீங்க, ஸ்பூன் மாதிரி மழுங்கி இருந்தா பாசி திங்குறதா இருக்கும். ஆனா போசிலோபோரா கோரல் கெளைக்குள்ளயே குடியிருக்கிற சின்ன வழவழ ட்ராபீசியா நண்டை எடுக்காதீங்க, கோரலைத் திங்க வர்ற நட்சத்திர மீனை வெரட்டுறதே அதுதான். பிடிக்கணும்னா கண்ணாடி டம்ளர்ல எறா துண்டு போட்டு கல்லு மேல சாய்ச்சு வெச்சிடுங்க, ராத்திரி ஏறி விழும், வழுக்குறதால வெளிய வர முடியாது.

துரு கலர்ல தட்டையா வால் பக்கம் மூணு நுனி இருக்கிற ஃப்ளாட் வோர்ம் பரவிச்சுன்னா மருந்துக்கு முன்னாடி சின்ன டியூப்ல முடிஞ்ச வரைக்கும் உறிஞ்சி எடுங்க, எல்லாம் ஒண்ணா செத்தா வெளிவர்ற விஷத்துல மீனும் போயிடும், மருந்து போட்டதும் விஷத்தை உறிஞ்சுற ஆக்டிவேட்டட் கார்பனும் தண்ணி மாத்துறதும் தயாரா இருக்கணும். வெர்மெட்டிட்டுங்கிற குழாய் நத்தைக்கு ஜெல் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு குழாய் வாயில வெச்சா போதும்.

அடுத்த தடவை ஃப்ராக் வாங்கினா நேரா டேங்க்ல வெக்காம கோரல் டிப்ல (பூச்சி போக்குற மருந்து தண்ணி) முக்குங்க. டிப் முட்டையைக் கொல்லாது, அதனால ஃப்ராக் ப்ளக்கை (ஃப்ராக் ஒட்டியிருக்கிற அடித்தட்டு) ஒடைச்சுப் போட்டுட்டு புதுசுல ஒட்டுங்க, தனி டப்பாவுல வெச்சு வாரத்துக்கு ஒரு தடவை திரும்ப முக்குங்க. டப்பா சின்னதா இருந்தா நம்ம ஊரு மத்தியான சூட்டுல தண்ணி சீக்கிரம் 30 டிகிரியைத் தாண்டிடும், மேல ஒரு ஃபேன் ஓட விடுங்க, ஆவியா போன அளவுக்கு ஆர்ஓ தண்ணி ஊத்துங்க, உப்பு தண்ணி ஊத்தக் கூடாது. வெளிய எடுத்த எதையும் லோங்காங்லயோ ஆத்துலயோ விடாதீங்க.