ஏழால் வகுபடுமா? காற்புள்ளியை மாற்றிப் போடுங்கள்

நீண்ட எண் ஒன்று 7-ஆல் மீதியின்றி வகுபடுமா என்று பார்க்க நெடுவகுத்தல் தேவையில்லை. வலது ஓரத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரியுங்கள். லட்சம், கோடிக்கு நாம் போடும் காற்புள்ளி இங்கே உதவாது. அதை நம்பி நானே பலமுறை கோட்டைவிட்டிருக்கிறேன். பிறகு வலக்கோடித் தொகுதியில் தொடங்கி, அடுத்ததைக் கழித்து, அதற்கடுத்ததைக் கூட்டி, மாறி மாறிப் போங்கள். வரும் விடை 7-ஆல் வகுபட்டால் அந்த நீண்ட எண்ணும் வகுபடும்.

2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்: 147,573,952,589,676,412,927.

927 − 412 + 676 − 589 + 952 − 573 + 147 = 1128.

1128-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த 21 இலக்க எண்ணுக்கும் அதே மீதிதான். 11-ஆல் வகுத்தால் 6, 13-ஆல் வகுத்தால் 10. ஒரே கணக்கில் மூன்று சோதனைகள்! 7 × 11 × 13 = 1001, அதாவது ஆயிரத்தைவிட ஒன்றே ஒன்று கூடுதல் என்பதுதான் சூட்சுமம். விடை குறை எண்ணாக வந்தால், வகுபடுமா என்று மட்டும் பார்க்கக் குறியை விட்டுவிடலாம்.

மூன்றிலும் தப்பியதால் இது பகா எண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பகா எண் என்றுதான் 1644-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் மெர்சென்னும் சொன்னார். 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் அதை 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டினார்.