நம்பரைக் கேட்டதும் கொடுத்துவிடாதீர்கள்: சைன் அப் பெட்டியில் நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு மாணவி எங்கள் பிரவுசிங் சென்டருக்கு வந்தாள். குரூப் 4 பழைய வினாத்தாள் பிரிண்ட் வேண்டுமாம். அவளே தேடி, முதலில் வந்த தளத்தைத் திறந்தாள். இரண்டு பக்கம் தெரிந்தது, மூன்றாவது பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நின்றது. பெயர், மொபைல் எண், மெயில், பிறந்த தேதி, மாவட்டம். நான் எழுந்து போவதற்குள் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள், நம்பர் மட்டும் அப்பாவுடையது. "அண்ணா, அப்பாவுக்கு ஓடிபி போயிருக்கும், ஒரு நிமிஷம்" என்று போனை எடுத்தாள். வயலில் நின்றிருந்த அவர், மகள் கேட்கிறாளே என்று ஆறு எண்ணையும் நிதானமாகப் படித்துச் சொன்னார். அதே நம்பரில்தான் அவருடைய பேங்க் கணக்கு, ஆதார், கேஸ் மானியம், எல்லாம் இருக்கிறது.

நானும் ஒருகாலத்தில் இதையே செய்தவன். 14 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், தினமும் பத்துப் பேராவது என் கண்முன்னால் இதே தவறைச் செய்கிறார்கள். பாஸ்வேர்டை 123456 என்று வைக்காதீர்கள், யார் போனில் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்லி முடித்த விஷயம், அதை விட்டுவிடுகிறேன்.

பொருள் யாருடையது என்று பார்க்காமல் பதிவு செய்வது

அந்த வினாத்தாள் டிஎன்பிஎஸ்சியின் சொந்தத் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. பள்ளிப் பாடநூல்களும் அப்படித்தான், பாடநூல் கழகத்தின் தளத்தில் பிடிஎஃப்பாகவே கிடைக்கின்றன. அரசு சும்மா கொடுப்பதை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் ஒரு பெட்டியைப் போட்டு நம்பர் வசூல் செய்கிறவர்கள் நிறையப் பேர். பெட்டி வந்து நின்றால் முதலில் அந்தப் பொருளை வெளியிட்டது யார் என்று யோசியுங்கள், அங்கே போய்ப் பாருங்கள். பாதி நேரம் அங்கே எந்தப் பெட்டியும் இருக்காது.

பேங்க் நம்பரையே ஊரெல்லாம் கொடுப்பது

இந்த ஒன்றைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். இன்னமும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

2017ல் வீடு கட்டலாம் என்று நினைத்தபோது, 12 லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை எவ்வளவு வரும் என்று பார்க்க ஒரு தளத்துக்குப் போனேன். தொகை, வட்டி, வருஷம், எல்லாம் போட்டு முடித்த பிறகு, விடையைக் காட்ட மொபைல் எண் வேண்டும் என்றது. இவ்வளவு போட்டாயிற்று, இனி எதற்கு விடுவானேன் என்று கொடுத்தேன். அந்தப் பெட்டியை முதலிலேயே வைக்காமல் கடைசியில் வைப்பதே இதற்காகத்தான். பத்து நிமிஷத்தில் முதல் அழைப்பு. அடுத்த ஒரு மாதம் காலையும் மாலையும் போன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது மாதம் ஒருவர் கூப்பிட்டு, "சார், உங்க 12 லட்சம் அப்ரூவ் ஆயிடுச்சு, ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டிடுங்க" என்றார். என் பெயர், ஊர், தொகை மூன்றும் சரியாக இருந்தன. பேங்க்கிலிருந்துதான் பேசுகிறார் என்று நம்பி 6,500 ரூபாய் அனுப்பினேன். அதன்பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை. நான் அந்தப் பெட்டியில் போட்ட விவரம்தான் எப்படியோ கை மாறி என்னிடமே வந்திருக்கிறது என்பது எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆயிற்று.

ஒரு கணக்குப் போட எதற்கு நம்பர்? எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ பிஎம்டி (PMT) என்ற ஃபார்முலாவில் மாத வட்டி (வருஷ வட்டியை 12ஆல் வகுத்தது), மாதங்கள், தொகை மூன்றையும் கொடுத்தால் தவணை வந்துவிடும். 12 லட்சம், 9 சதவீதம், 15 வருஷம் என்றால் மாதம் 12,171 ரூபாய். இதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் எழுதப்படும் ஆலோசனைகளில் பெரும்பாலும் மெயிலைப் பாதுகாக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் நம்பர்தான் வீட்டுச் சாவி. பேங்க் ஓடிபி அதில் வருகிறது, ஆதார் ஓடிபி அதில் வருகிறது, ஜிபே, போன்பே எல்லாம் அதில்தான் நிற்கிறது. மெயில் ஐடி கெட்டுப்போனால் ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று திறக்கலாம். நம்பரை மாற்றுவது என்றால் பேங்க்குக்கு நடக்க வேண்டும், ஆதாரில் மாற்ற வேண்டும், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டும். மாற்றவே கஷ்டமான ஒன்றைத்தான் நாம் கேட்டவுடன் கொடுக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் கடைக்கென்று ஒரு புது சிம் வாங்கினேன். போட்ட இரண்டாவது நாளே யாரோ ஒருவருக்கு ஸ்கூல் ஃபீஸ் பாக்கி என்று மெசேஜ், மறுநாள் ஒரு கிளினிக்கிலிருந்து அப்பாயின்ட்மென்ட். மதியச் சாப்பாடு வாங்கலாம் என்று ஒரு ஆப்பில் அந்த நம்பரைப் போட்டு ஓடிபி கொடுத்தேன். புதுக் கணக்கு திறக்கும் என்று பார்த்தால், வேறொருவருடைய கணக்கு திறந்தது. 'வீடு' என்று ஒரு முகவரி, கதவு எண்ணோடு. 'ஆபீஸ்' என்று இன்னொன்று. 'அம்மா வீடு' என்று மூன்றாவது. கை நடுங்கிவிட்டது, உடனே வெளியே வந்தேன். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பரை நிறுத்தி, குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கிறார்கள் என்று 2023ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. அந்த முந்தைய ஆளுக்கு இது தெரிந்திருக்காது. என் இடத்தில் வேறு மாதிரி ஆள் இருந்திருந்தால்?

நான் இப்போது எல்லோருக்கும் சொல்வது இதுதான். இரண்டு சிம் வையுங்கள். ஒன்று பேங்க், ஆதார், யுபிஐக்கு மட்டும், அதை வீட்டாரைத் தவிர யாருக்கும் கொடுக்காதீர்கள். இன்னொன்று கடை, டெலிவரி, சைன் அப் எல்லாவற்றுக்கும். இரண்டாவதுக்கு மாதாமாதம் ஏன் செலவு என்று கேட்பீர்கள், நான் ஒரே அழைப்பில் 6,500 ரூபாய் இழந்தவன். யுபிஐ ஐடி உங்கள் நம்பராகவே இருந்தால், ஆப்பில் போய் வேறு ஐடி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பணம் வாங்கும் ஒவ்வொரு முறையும் பேங்க் நம்பரைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஒரு நம்பரை விடப் போகிறீர்கள் என்றால், விடுவதற்கு முன்பே பேங்க்கிலும் ஆதாரிலும் மாற்றிவிட்டு, அதில் இருக்கும் ஆப் கணக்குகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். அப்புறம், ஜவுளிக் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் பில் போட நம்பர் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லலாம். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பில் வந்துவிடுகிறது.

உண்மையான பிறந்த தேதியைப் போடுவது

அரசுக்கும் பேங்க்குக்கும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், அதில் விளையாடக் கூடாது. வினாத்தாள் தளத்துக்கு எதற்கு? இ-ஆதார் பிடிஎஃப் திறக்கும் பாஸ்வேர்டு என்ன தெரியுமா, உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். இ-பான் திறப்பது பிறந்த தேதியில். பெயரும் பிறந்த தேதியும் போன இடத்துக்கு இந்த இரண்டு சாவியும் சேர்ந்து போகிறது. பெரிய நிறுவனம் என்றால் பத்திரமாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம்: 2021ல் ஏர் இந்தியா பயணிகள் 45 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம் கசிந்தது. கட்டாயம் என்று குறி இல்லாத கட்டங்களைக் காலியாக விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே மெயில்

சைன் அப்புக்கென்று தனி மெயில் ஒன்று திறந்து வையுங்கள், குப்பை எல்லாம் அங்கே சேரட்டும். ஜிமெயிலில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு அந்தத் தளத்தின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தாலும் (பெயர்+தளம்@gmail.com என்கிற மாதிரி) மெயில் உங்களுக்கே வரும், யார் விற்றார்கள் என்பதும் தெரிந்துவிடும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. ஆஸ்திரேலியாவின் இணையப் பாதுகாப்பு நிபுணர் டிராய் ஹன்ட் 2013ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' (Have I Been Pwned) தளத்தில் உங்கள் மெயிலைப் போட்டால் எந்தெந்தக் கசிவில் அது இருந்தது என்று காட்டும். அதைப் பார்க்கப் பதிவு செய்யத் தேவையில்லை.

கான்டாக்ட்ஸ் அனுமதி

டார்ச் ஆப்புக்கும் கடன் ஆப்புக்கும் உங்கள் மாமா நம்பர் எதற்கு? 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் எழுதியிருக்கிறார்கள்: வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச ஒரு ஆப்பை இறக்குகிறார் ஒருவர், அது கான்டாக்ட்ஸையும் கேட்கிறது, அவர் சரி என்கிறார். சிகிச்சைக்கு அது தேவையில்லை என்பதால் அந்தச் 'சரி' செல்லாது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அதுவரை அனுமதி கொடுக்காமல் இருப்பது நம் கையில்தான்.

ஆப்பை அழித்தால் கணக்கும் அழியும் என்று நம்புவது

அழியாது. முதலில் கணக்கை நீக்குங்கள்.

முழு ஆதார் நகலை அனுப்புவது

கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகல் ஆதார் தளத்திலேயே கிடைக்கிறது.

அந்த மாணவிக்கு டிஎன்பிஎஸ்சி தளத்தைத் திறந்து காட்டி, மூன்று வருஷத்து வினாத்தாளையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் வந்து, "அப்பாவுக்கு நாலு போன் வந்துடுச்சு அண்ணா, கோச்சிங் சேரச் சொல்றாங்க" என்றாள். அவள் முதலில் நம்பர் கொடுத்த தளத்தின் அடியில் பிரைவசி பக்கத்தைத் தேடி, அதில் இருந்த மெயில் ஐடிக்கு, "என் விவரங்களையும் அப்பாவின் நம்பரையும் நீக்குங்கள்" என்று அவளையே எழுத வைத்தேன். தினமும் மெயிலைத் திறந்து பார்க்கிறாள், இன்னும் பதில் வரவில்லை.