கடலில் ஓட்டப் போகிற இன்ஜினா? கூலிங்கைப் பார்த்து வாங்குங்கள்

சேலத்தில் இருந்துகொண்டு கடலூர் பக்கம் படகு விட நினைப்பவர்கள், உள்ளே பொருத்தும் டீசல் இன்ஜின் வாங்கும்போதே ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கூலன்ட்டின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றிவிடும் பாகம்) வைத்த மூடிய கூலிங் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், விலை கூடத்தான் இருக்கும், ஆனால் பின்னால் இன்ஜினின் உடலான பிளாக்கே போனால் ஆகும் செலவுக்கு அது எவ்வளவோ தேவலாம். இதில் இன்ஜினுக்குள் கூலன்ட் மட்டும்தான் சுற்றும், கடல்நீர் எக்ஸ்சேஞ்சர் குழாய்களோடு நின்றுவிடும். நேரடியாகக் கடல்நீர் ஓடினால் இரும்பை அரிப்பது ஒரு பக்கம், சூடு சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் உப்பு படிந்து வழியை அடைக்கும். நம்ம ஊர் போர் தண்ணீரில் ஹீட்டர் காயில் மேல் வெள்ளையாக ஏறுமே, அதே கதைதான். (கூலன்ட் கலக்கவும் போர் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.) எக்ஸ்சேஞ்சரில் துத்தநாகக் கம்பி இருந்தால் பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள், அது கரைவதால்தான் மற்ற உலோகம் பிழைக்கிறது.

மேட்டூர் அணை, ஏற்காடு ஏரி மாதிரி நன்னீரில் மட்டும் ஓட்ட இதெல்லாம் வேண்டாம், நேரடி கூலிங்கே போதும். பல வருடம் கடல்நீர் குடித்த பழைய இன்ஜினை மூடிய முறைக்கு மாற்றுவதும் பெரும்பாலும் வீண், உள்ளே இருக்கும் துரு பெயர்ந்து வந்து புது எக்ஸ்சேஞ்சரையும் அடைக்கும். அப்புறம், படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களில் பொதுவாக இந்தத் தேர்வே கிடையாது, கரைக்கு வந்ததும் ஹோஸ் மாட்டி நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு அலசிவிடுங்கள்.