பெருந்தமனி வீக்கம்: அறுவைசிகிச்சைக்கு முந்தைய காத்திருப்பில் செய்யும் தவறுகள்

இதயத்திலிருந்து நெஞ்சு, வயிறு வழியாக ரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய குழாயான பெருந்தமனி ஓரிடத்தில் புடைத்துப்போவதுதான் பெருந்தமனி வீக்கம். அதன் விட்டம் போன வருடம் எக்கோவில் (ஒலியலைப் பரிசோதனையில்) 4.6 சென்டிமீட்டர். இந்த வருடம் சிடி ஸ்கேனில் 4.9. அறிக்கையைப் பார்த்ததும் வீடே கலங்கிப்போகிறது. இந்த இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிட்டதுதான் முதல் தவறு. தமனிச் சுவரின் உள்விளிம்பிலிருந்து அளக்கிறார்களா, வெளிவிளிம்பிலிருந்தா என்பதிலேயே சில மில்லிமீட்டர் மாறிவிடும். தமனி வளைந்து செல்லும் இடத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. மூங்கிலைச் சாய்த்து வெட்டினால் வெட்டுமுகம் நீள்வட்டமாகிவிடுகிறது அல்லவா? படமும் அப்படிச் சாய்வாக விழுந்தால் விட்டம் கூடுதலாகத் தெரியும்.

ஆகவே முடிந்தவரை ஒரே வகை ஸ்கேனை ஒரே இடத்தில் எடுங்கள். பழைய அறிக்கையைப் பத்திரப்படுத்திவிட்டுப் படங்கள் உள்ள குறுந்தகட்டைத் தொலைத்துவிடுபவர்கள் அதிகம், தேவைப்படுவதோ படங்கள்தான். பழையதையும் புதியதையும் ஒரே மருத்துவர் அருகருகே திறந்துவைத்து, அதே இடத்தில் அளந்து சொல்லும் வளர்ச்சிதான் நம்பத்தக்கது.

அடுத்த தவறு, 5.5 சென்டிமீட்டர் என்ற எண்ணை எல்லோருக்கும் அறுவைசிகிச்சைக்கான எல்லைக்கோடாக நினைப்பது. வெடிக்கும் ஆபத்து அறுவைசிகிச்சையின் ஆபத்தைவிட எப்போது அதிகமாகிறது என்பதுதான் கேள்வி. வயிற்றுப் பெருந்தமனியில் ஆண்களுக்குப் பொதுவாக 5.5, பெண்களுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் அறுவைசிகிச்சை பற்றிப் பேசுவார்கள். நெஞ்சுப்பகுதிக்குக் கணக்கு வேறு. தமனிச் சுவரைப் பலவீனமாக்கும் மார்ஃபான் போன்ற மரபுவழி நோய் இருந்தால் 5 அல்லது அதற்கும் முன்பே. உயரம் குறைந்தவருக்கு அதே அளவு கூடுதல் கவலை தரும். ஆறு மாதத்தில் அரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தால், அளவு சிறிதாக இருந்தாலும் மருத்துவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். இணையத்தில் வயிற்றுக்குச் சொன்னதைப் படித்துவிட்டு நெஞ்சுக்குப் பொருத்திக்கொள்ளாதீர்கள்.

வலி இல்லையே என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவது பழைய தவறு. இந்த வீக்கம் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலேயே வளரும். வயிற்றில் 4 முதல் 4.9 வரை என்றால் வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை, 5-ஐத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் அடுத்த ஸ்கேனை யார் எழுதித்தருவது? குடும்ப மருத்துவர் இதய மருத்துவரை நினைப்பார், அவர் அறுவைசிகிச்சை நிபுணரை நினைப்பார். பொறுப்பு யாருடையது என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

புகைப்பதை நிறுத்துவது, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது இரண்டும் தெரிந்த விஷயங்கள். தெரியாமல் போவது வேறு: இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளை, வேறு வழி இருந்தால் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்குத் தரவேண்டாம் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்தது. சிறுநீர்த் தொற்றுக்குப் போனாலும் வீக்கம் இருப்பதைச் சொல்லுங்கள். பயந்து படுக்கையிலேயே கிடக்கவும் வேண்டாம். நடப்பது நல்லது, மூச்சை அடக்கிப் பளு தூக்குவதுதான் ஆகாது.

நாள் குறித்த பிறகுதான் தயாராக வேண்டும் என்பதும் தப்புக் கணக்கு. நுரையீரல் தேற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் புகையை முன்கூட்டியே விடவேண்டும். இதய வால்வையும் மாற்றுவதாக இருந்தால் பல் சிகிச்சையை முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். ஈறிலிருந்து கிளம்பும் கிருமி புதிய வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்லட்டும். தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (வீங்கிய இடத்தில் தமனிக்குள் பொருத்தும் உறைக்குழாய்) வைப்பதைச் சின்ன வேலை என்று மட்டும் பார்க்காதீர்கள். உடம்பு சீக்கிரம் தேறும், உண்மைதான். ஆனால் கசிவு ஏற்படுகிறதா என்று வாழ்நாள் முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

திடீரென்று நெஞ்சிலோ முதுகிலோ வயிற்றிலோ கிழிப்பதுபோல் வலித்தால், மயக்கம் வந்தால், தானே வண்டி ஓட்டிப் போகக்கூடாது. ஆம்புலன்ஸை அழைத்து, முதல் வார்த்தையாகப் பெருந்தமனி வீக்கத்தைச் சொல்லவேண்டும். மாரடைப்பு என்று எண்ணி ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால், கிழிந்த தமனியில் அது உயிருக்கே உலைவைக்கும். கடைசி ஸ்கேனின் அளவும் தேதியும் எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருப்பதோடு, வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நோயாளியால் பேச முடியாமல் போகலாம்.