மெல்க் மடாலய வெள்ளி நாணயம்: வாங்கியதும் வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

ஆஸ்திரியா 2006 முதல் 2008 வரை தன் நாட்டு மடாலயங்களுக்காக பத்து யூரோ மதிப்புள்ள ஆறு வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் யார் கேட்டாலும் அதில் 2007 ஏப்ரலில் வந்த மெல்க் நாணயத்தைத்தான் நான் சொல்வேன். படமும் நன்றாக இருக்கும், அசலா போலியா என்று சோதித்துப் பழகவும் வசதி.

முதலில் படத்தைப் பாருங்கள், தராசெல்லாம் அப்புறம். லென்ஸ் ஒன்று போதும். கோயில் முகப்பைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பது போல வடித்திருக்கிறார்கள்: இரட்டைக் கோபுரம், பின்னால் பெரிய குவிமாடம், இரு பக்கமும் நீளும் கட்டடங்கள். மெல்க் மடாலயம் டான்யூப் நதிக்கு மேலே பாறை மீது நிற்கிறது, கீழே நிற்கிறவனுக்கு அப்படித்தான் தெரியும். 1089-இல் இரண்டாம் லியோபோல்டு தன் கோட்டையொன்றை பெனடிக்ட் சபைத் துறவிகளுக்குக் கொடுத்ததில் தொடங்கிய இடம் இது (நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்பார்களே, அந்த பெனடிக்ட்தான்). ஆனால் நாணயத்தில் இருப்பது அந்தப் பழைய கட்டடம் இல்லை, 1702-இல் யாகோப் பிராண்டௌயர் கட்ட ஆரம்பித்த, பரோக் என்ற ஆடம்பரமான கட்டடப் பாணியிலான மாளிகை. வலது கீழ் மூலையில் குறுக்காக வைத்த இரண்டு சாவிகள், அதாவது மடாலயத்தின் சின்னம், தெரிய வேண்டும். கோயில் புனிதர்கள் பேதுரு, பவுல் பெயரில் இருக்கிறது, பேதுருவின் அடையாளமே சாவிதான், அதனால் காரணம் தேட வேண்டியதில்லை. சாவியின் விளிம்பு மழுங்கிக் கிடந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்து அளவு. விட்டம் 32 மி.மீ., எடை 17.3 கிராம். 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) என்பதால் சுத்த வெள்ளி மட்டும் 16 கிராம். சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த வேலை, தண்ணீர்ச் சோதனை. ஆனால் ப்ரூஃப் நாணயத்தையோ (சேகரிப்பவர்களுக்காகப் பளபளவென்று தனியாக அடித்தது), அட்டை உறையில் சீலோடு இருப்பதையோ இதற்காக வெளியே எடுத்துவிடாதீர்கள், மதிப்பே போய்விடும். சாதாரணத் தரத்தில் உள்ளதற்கு மட்டும்தான் இது.

தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய தையல் நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல், முழுதும் மூழ்கும்படி பிடியுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை ஆட்டி விடுங்கள். நல்ல நாணயமென்றால் தராசு 1.67 கிராம் பக்கம் காட்டும். ஏனென்றால் அது காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடையை, 925 வெள்ளியின் அடர்த்தியோ தண்ணீரைப் போல ஏறக்குறைய 10.36 மடங்கு. அதே எடையில் வெள்ளி முலாம் பூசிய செம்பு என்றால் 1.93 வரை போகும். முதல் தடவை நான் நூலைத் தளரவிட்டு, நாணயம் அடியில் உட்கார்ந்து, தராசு முழு 17.3-ஐக் காட்டியதும் பயந்தேபோனேன். கை ஆடாமல் பிடித்தால் போதும்.

காந்தம் ஒட்டவே கூடாது. வலுவான சின்ன நியோடிமியம் காந்தம் இருந்தால், சாய்த்துப் பிடித்த நாணயத்தின் மேல் வைத்துப் பாருங்கள், சர்ரென்று விழாமல் மெதுவாக வழுக்கும். கீறல் விழாமலிருக்க நடுவில் மெல்லிய தாள் ஒன்று வையுங்கள்.

யூரோ என்று இருந்தாலும் இந்த நாணயம் ஆஸ்திரியாவில் மட்டும்தான் செல்லும், பக்கத்திலிருக்கும் ஜெர்மனியில் நீட்டினால் வாங்க மாட்டார்கள்.

கடைசியாக, நனைத்த நாணயத்தை மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கறுத்துப் போச்சே என்று குத்துவிளக்குக்குப் போடுவதுபோல விபூதி, புளி என்று இறங்கிவிடாதீர்கள், அந்தக் கறுப்பு இருந்தாலும் பரவாயில்லை. 32 மி.மீ. கேப்ஸ்யூலில் (நாணயம் வைக்கும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பி) போட்டு வையுங்கள், மலிவான பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். எடையையும் தண்ணீரில் கிடைத்த எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி கேப்ஸ்யூலோடு வைத்துவிட்டால், பிறகு விற்கும்போது கேட்பவரிடம் அதையே நீட்டலாம்.