பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? வெளிநாட்டிலிருந்து வட சென்னைக்கு வந்த குடும்பங்களுக்கு

இலங்கையிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்து வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, புழல் பக்கம் வீடு பிடித்திருக்கிறீர்கள். கேஸ் கனெக்‌ஷன் நான்கு நாள் தாமதமானால் பரவாயில்லை. வீட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால் முதலில் கவனிக்க வேண்டியது பிளஸ் ஒன், அதாவது பதினோராம் வகுப்புச் சேர்க்கை. மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பள்ளிகளில் கூட்டம் கூடிவிடும். சேர்க்கை மேசையில் இருக்கும் ஆசிரியர் மார்க் ஷீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா?" என்று கேட்பார். பின்னால் வரிசை நிற்கும். பிள்ளையின் அடுத்த பத்து வருடத்தை அந்த இடத்தில் நின்றுகொண்டு தீர்மானிக்க வேண்டாம். வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள்.

இங்கே பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் ஆறு பாடங்கள்: தமிழ், ஆங்கிலம், அதோடு குரூப் பாடங்கள் நான்கு. பாடத்துக்கு 100 என்று மொத்தம் 600 மதிப்பெண். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் சேர்ந்ததைத்தான் ஃபர்ஸ்ட் குரூப் என்கிறார்கள். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் என்று போனால் ப்யூர் சயின்ஸ். அப்புறம் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் உள்ள காமர்ஸ், வரலாறு உள்ள கலைப்பிரிவு, தொழிற்கல்விப் பிரிவு. எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது. அருகில் இருக்கிறதே என்று பள்ளியை முடிவு செய்துவிட்டு, பிறகு அங்கே இருக்கிற குரூப்பில் பிள்ளையைச் சேர்ப்பது தலைகீழான வேலை.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே உயர்தரத்தில் (ஏ/எல்) மூன்று பாடம். பயோ என்றால் பயோ, மேத்ஸ் என்றால் மேத்ஸ். இங்கே ஃபர்ஸ்ட் குரூப்பில் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம் என்றதும் பெற்றோருக்கு ஆசை வந்துவிடுகிறது. டாக்டருக்கும் ஆச்சு, இன்ஜினியருக்கும் ஆச்சு என்று நினைக்கிறார்கள். ஆனால் மருத்துவத்துக்கான நீட் தேர்வில் கணிதமே கிடையாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும்தான். பொறியியல் சேர்க்கைக்குப் பார்க்கும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் உயிரியல் கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடுகிறார்கள். எது வேண்டும் என்று பிள்ளைக்கு ஓரளவு தெரிந்திருந்தால், தேவையில்லாத ஒரு பாரத்தை இரண்டு வருடம் சுமக்க வைக்காதீர்கள்.

எல்லாம் கடைசியில் கணிதத்தில்தான் வந்து நிற்கும். அதை விட்டுவிட்டால் அந்த 200 கட்-ஆஃப் வழி அடைபடும். விடாமல் எடுத்துத் தடுமாறினால் மற்றப் பாடங்களின் மார்க்கும் கீழே இறங்கும். பத்தாம் வகுப்பு மார்க்கை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. நான் பெற்றோர்களுக்குச் சொல்வது இதுதான்: பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தின் முதல் தொகுதியை வாங்குங்கள், அல்லது இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். கணங்கள், தொடர்புகள், சார்புகள் என்ற முதல் அத்தியாயத்தையும் முக்கோணவியலையும் ஒரு வாரம் பிள்ளை தானாகப் படித்துப் பார்க்கட்டும். எத்தனை கணக்கு சரி என்று எண்ண வேண்டாம். விடை வராதபோது என்ன செய்கிறாள் என்று பாருங்கள். எங்கள் தெருவில் மாலை நேரம் படிக்க வரும் பிள்ளைகளில், ஒரு கணக்கை மூன்று முறை அடித்து அடித்து எழுதி, கடைசியில் சிரிப்போடு நோட்டை நீட்டியவளும் உண்டு; பின்பக்க விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப வரிகளை நிரப்பியவனும் உண்டு. பத்தாம் வகுப்பில் அவன் மார்க்தான் அதிகம். ஆனால் கணிதம் எடுக்கச் சொன்னால் நான் அவளைத்தான் சொல்வேன்.

வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. படித்து வந்த பிள்ளை பத்தாவதில் எழுதியது ஸ்டாண்டர்ட் கணிதமா, பேசிக் கணிதமா என்று மார்க் ஷீட்டில் பாருங்கள். பேசிக் என்றால், கணித குரூப் தருவார்களா என்று பள்ளியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கணிதம் வேண்டாம் என்றானால் வீட்டில் துக்கம் கொண்டாட வேண்டியதில்லை. உயிரியல் படித்தவர்களுக்கு நர்சிங், பார்மசி, பிசியோதெரபி இருக்கின்றன. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம், காமர்ஸ் படித்தால் சுலபம். பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. படிக்க ஊரைத் தாண்டிப் போக வேண்டாம்: வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி, வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி.

பத்தாவதோடு பாலிடெக்னிக் அல்லது ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போவதை மார்க் குறைந்தவர்கள் போகும் இடமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் சுத்திகரிப்பு ஆலை என்று ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன்களை வைத்தே வளர்ந்த பகுதி இது. பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவரும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். கையால் செய்து கற்கும் பிள்ளைக்கு இது மேலே போகிற பாதைதான்.

மொழி விஷயம். தமிழ் மீடியத்தில் சேர்ந்தால், இலங்கைப் பிள்ளை பௌதிகவியல், இரசாயனவியல் என்று படித்தது இங்கே இயற்பியல், வேதியியல். பாடம் ஒன்றுதான், கலைச்சொற்கள் பழக ஒரு மாதம் கொடுங்கள். தமிழ் எழுத வராத பிள்ளைக்காகச் சில தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுக்கலாம். இங்கேயே இருந்து மாநில அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் அது நல்ல யோசனை இல்லை. அங்கே தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும்.

மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இப்போது வரும் பெரிய பிள்ளைக்கு அது கிடைக்காது. ஆறாவது சேரப் போகும் தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்களுக்காக இப்போதே யோசியுங்கள்.

2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. அதனால் அந்த வருடத்தை லேசாக விட்டுவிடாதீர்கள். நீட், ஐ.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. இரண்டிலும் பிளஸ் ஒன் பாடங்களிலிருந்தும் கேள்வி வரும்.

சேர்ந்த பிறகு குரூப் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், காலாண்டுத் தேர்வு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில வாரங்களில், வேறு குரூப்பில் இடம் இருக்கும்போதே, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். காரணத்தைப் பிள்ளையே சொல்லட்டும்.